காலநிலை மாற்றத்துக்குத் தனிமனிதர் மாறினால் போதுமா, அரசுதான் செயல்பட வேண்டுமா?

இரண்டும் வேண்டும்; ஆனால் முதல் அடி அரசுடையது என்பதே என் உறுதியான கருத்து. பிரான்சைப் பாருங்கள். 2018-இல் பெட்ரோல், டீசல் மீதான கார்பன் வரி, அதாவது கரியமில வாயு வெளியேற்றத்துக்கான வரி, உயர்ந்தது. அதே ஆண்டில் பெரும் பணக்காரர்களுக்கான செல்வ வரி, அசையாச் சொத்துக்கு மட்டும் என்று சுருங்கியது. பஸ்ஸும் ரயிலும் சரிவர எட்டாத சிற்றூர்க்காரர் காரை விட்டுவிட்டு வேலைக்கு எப்படிப் போவார்? நவம்பரில் இப்படிப்பட்டவர்கள் வரி உயர்வை எதிர்த்து, மஞ்சள் அங்கியோடு சாலைகளை மறித்தார்கள். டிசம்பரில் அடுத்த உயர்வு கைவிடப்பட்டது. அவர்களைச் சூழலின் எதிரிகள் என்பது அநியாயம்.

பிறகு, காலநிலைக்கு என்ன செய்யலாம் என்று கேட்டு அரசு கூட்டிய, குலுக்கலில் தேர்வான 150 குடிமக்கள் 149 பரிந்துரைகள் தந்தார்கள். நான்கு மணி நேரத்துக்குள் ரயிலில் போகக்கூடிய ஊர்களுக்கு உள்நாட்டு விமானம் வேண்டாம் என்பது அதில் ஒன்று. சட்டமானபோது அது இரண்டரை மணி நேரமாகக் குறைந்துவிட்டது.