எரிமலைக்குப் போற போட்டு: எப்ப ஏறணும்?

கேள்வி: செப்டம்பர்ல நானும் வீட்டுக்காரரும் இத்தாலில இருக்குற சிசிலி போறோம், நாலு நாள் இருப்போம். ஸ்ட்ராம்போலி எரிமலைத் தீவ போட்டுல சுத்திக் காட்டுறாங்களாமே, பகல்ல போயிட்டு வர்றதுல ஏறலாமா, இல்ல ராத்திரி திரும்புறதுலயா? எனக்கு மலைப்பாதை பஸ்ல ஏறினாலே குமட்டும், அதான் யோசனை. (வாசகி, கோவை)

பதில்: ராத்திரி திரும்புற போட்டுதாங்க, ரெண்டாவது யோசனையே வேணாம். பகல்ல போனா மலை உச்சில கொஞ்சம் புகை தெரியும், அவ்ளோதான், அதுக்கு இங்கயே செங்கல் சூளைய பாத்துக்கலாம். மிலாட்சோ துறைமுகத்துல மத்தியானவாக்குல கிளம்புற போட்டு பனாரியா தீவுல கொஞ்ச நேரம் இறக்கிவிட்டு அப்புறம் ஸ்ட்ராம்போலிக்கு போகும், இருட்டினதும் தீவோட வடமேற்குப் பக்கம் ‘ஷாரா டெல் ஃபுவோக்கோ’ங்கற கருப்பு சரிவுக்கு எதிர்ல கடல்ல நிறுத்துவாங்க. எஞ்சின் சத்தம் அடங்கி எல்லாரும் கழுத்த நிமித்தி பாத்துட்டே இருப்போம், பத்து இருபது நிமிஷத்துக்கு ஒருதடவ உச்சில செவப்பா ஒரு பொறி எழும்பும், கொஞ்சம் கழிச்சுதான் ‘டும்’முனு சத்தம் வரும். கேழ்வரகு கூழ் கொதிக்கும்போது ‘புளக்’னு தெறிக்குமே, கிட்டத்தட்ட அதே கதைதான், பாறைக் குழம்புக்குள்ள இருக்குற கேஸ் குமிழி மேல வந்து வெடிக்குது. ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேலயே இப்படித்தான், அந்தக் காலத்து மாலுமிங்க இத வெச்சே வழி பாத்திருக்காங்க.

இந்த மலை வெளிய 924 மீட்டர்தான் தெரியும், கடலுக்கு அடில இன்னும் ரெண்டு மடங்கு இருக்கு. ஆனா எப்பவும் சாதுன்னு நினைக்காதீங்க. 2002 டிசம்பர் 30 அன்னிக்கு அந்த சரிவே கொஞ்சம் கடல்ல சரிஞ்சு சுனாமி வந்துச்சு, 2019 ஜூலைல பெருசா வெடிச்சு மலை ஏறப்போன ஒருத்தர் செத்தும் போனார். அதனால போட்டு தள்ளியே நிக்கும், இன்னும் கிட்ட போங்கன்னு கேப்டன நச்சரிக்க வேணாம்.

குமட்டலுக்கு டாக்டர்கிட்ட கேட்டு மாத்திரை வாங்கிக்கோங்க, கிளம்புறதுக்கு முன்னாடியே போட்டுடணும், அலையில ஆட ஆரம்பிச்சப்புறம் போட்டா வேலைக்காகாது. நடுவுல இல்ல பின்பக்கமா உக்காருங்க, மூக்குப் பக்கம்தான் ஆட்டம் ஜாஸ்தி. காத்து அடிச்சா டிரிப்ப கேன்சல் பண்ணிடுவாங்க, அதனால போன மொத நாளோ ரெண்டாம் நாளோ புக் பண்ணுங்க, கடைசி நாளுக்கு வெச்சீங்கன்னா போச்சு. திரும்பி வர்றப்ப நல்லா குளிரும், ஸ்வெட்டர் வேணும். போட்டு ஆட்டத்துல போன்ல போட்டோ கலங்கலாத்தான் வரும், வீட்டுக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லி வெச்சிடுங்க.

கேள்வி: வழில இருக்குற வல்கானோ தீவுலயும் இறங்கலாமா? (அதே வாசகி)

பதில்: நேரம் இருந்தா இறங்குங்க, இங்கிலீஷ்ல எரிமலைக்கு இருக்குற பேரே இந்தத் தீவுல இருந்து வந்ததுதான். கரைய நெருங்கும்போதே அழுகின முட்டை நாத்தம் மூக்க துளைக்கும், கந்தகம். வெள்ளிக் கொலுசு போட்டுட்டு போகாதீங்க, கறுத்துப் போயிடும்.