சிறுகுறிஞ்சான் பொடி இருந்தால் மாத்திரை வேண்டாமா?

கேள்வி: சர்க்கரை நோய்க்கு மெட்ஃபார்மினும் கிளிமிபிரைடும் உட்கொள்ளும் என் தந்தை (வயது 62), சந்தையில் வாங்கிய சிறுகுறிஞ்சான் பொடியையும் ஒரு மாதமாகச் சாப்பிடுகிறார். இனி மாத்திரைகளை நிறுத்திவிடலாம் என்கிறார். சரிதானா?
— வாசகர், பாலக்கோடு

பதில்: நிறுத்த வேண்டாம் என்று தந்தையாரிடம் அன்போடும் உறுதியோடும் சொல்லுங்கள். சிறுகுறிஞ்சான் இலையை மென்றால் நாவில் இனிப்புச் சுவை சற்று நேரம் தெரியாமல் போவது உண்மைதான். ஆனால் அதனாலேயே இரத்தத்தில் உள்ள சர்க்கரை குறைந்துவிட்டதாகக் கொள்ள முடியாது. எனக்குக் கூடுதல் கவலை தருவது வேறொன்று: கிளிமிபிரைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினைச் சுரக்கச் செய்யும் மருந்து என்பதால், அளவு தெரியாத பொடியும் அதனுடன் சேரும்போது சர்க்கரை 70 மில்லிகிராமுக்கும் கீழே இறங்கி, வியர்வை, கைநடுக்கம், மனக்குழப்பம் முதலியவை ஏற்படக்கூடும். அப்போது நினைவுடன் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையை நீரில் கரைத்துக் கொடுங்கள். மயங்கிவிட்டால் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள்.

நம் பக்கத்துக் களி நல்ல உணவுதான், ஆயினும் கேழ்வரகும் மாவுச்சத்தே. உருண்டையின் அளவைக் குறைக்கவேண்டும். மாத்திரை வாங்க அலைவது சிரமமென்றால், 2021-இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தின்கீழ் வீட்டிலேயே பெற வழியுண்டு. பொடிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே மருத்துவரைப் பார்த்து, மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி பரிசோதனையைச் செய்துகொள்ளுங்கள்.