சி மேஜர் பிரிலூடின் 23ஆம் கட்டம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நாற்பது வயதுக்குப் பிறகு பியானோ கற்கத் தொடங்கியவள் நான். இப்போது ஜெர்மன் இசையமைப்பாளர் பாஹின் 'வெல்-டெம்பர்டு கிளாவியர்' முதல் தொகுதியிலிருந்து சி மேஜர் பிரிலூடையும் (முன்னிசை) ஃபியூகையும் (ஒரே கருப்பொருளைப் பல குரல்கள், அதாவது தனித்தனி இசை வரிகள், அடுத்தடுத்து எடுத்துக்கொள்ளும் வடிவம்) பயில்கிறேன். என்னிடமுள்ள பழைய பதிப்பில் எங்கே மெல்ல, எங்கே உரக்க என்று பக்கம் முழுக்கக் குறிகள். நண்பர் ஒருவர், அவை பாஹ் எழுதியவை அல்ல, உணர்ச்சி கலக்காமல் ஒரே சீராக வாசிப்பதே முறை என்கிறார். பியானோ கலைஞர்களான கிளென் கூல்டையும் ரிக்டரையும் அடுத்தடுத்துக் கேட்டால், இருவரும் வாசிப்பது ஒரே இசையா என்றே சந்தேகம் வருகிறது. இந்த இசையின் குணத்தை எங்கிருந்து தெரிந்துகொள்வது?

ஒரு வாசகி

அன்புள்ள வாசகிக்கு,

நண்பர் சொன்னதில் பாதி சரி. 1722இல் கோத்தன் நகரில் பாஹ் தொகுத்த அந்த 24 பிரிலூட்-ஃபியூக் ஜோடிகளில் வேகக் குறிப்பு உள்ளவையே சொற்பம். உங்கள் பதிப்பின் குறிகள் பெரும்பாலும் 1830களில் பேத்தோவனின் மாணவர் செர்னி சேர்த்தவையாகவோ, அவர் வழியில் பிறர் சேர்த்தவையாகவோ இருக்கும். பேத்தோவன் வாசிக்கக் கேட்ட நினைவும் தன் பதிப்புக்கு ஆதாரம் என்றார் செர்னி. மதிக்க வேண்டிய சாட்சியம்தான். ஆனாலும் நூறாண்டுக்குப் பின் வந்த செவியின் சாட்சியம் அது.

மறுபாதியை என்னால் ஏற்கவே முடியாது. பாஹ் காலத்து விசைக் கருவியான ஹார்ப்சிகார்டில் எவ்வளவு அழுத்தினாலும் ஒலி பெருகாது என்பது உண்மை. அதற்காக அந்த இசையை உணர்ச்சியற்றது என்று சொல்வது அநியாயம். இறுக்கமும் தளர்வும் ஸ்வரங்களுக்குள்ளேயே இருக்கின்றன.

இன்று ஒன்று செய்து பாருங்கள். பிரிலூடின் ஒவ்வொரு கட்டத்திலும் (இரு செங்குத்துக் கோடுகளுக்கு இடைப்பட்ட பகுதி) அடி ஸ்வரத்தை, அதாவது மிகக் கீழான ஸ்வரத்தை மட்டும் இடது கையால் வாசியுங்கள். 22ஆம் கட்டத்தில், ஜி-க்கு அரைப்படி கீழான எஃப் ஷார்ப் வரும். அடுத்து ஜி வரும் என்று காது காத்திருக்கும்போது அதைத் தாண்டி, அரைப்படி மேலான ஏ ஃப்ளாட்டில் போய் விழுகிறது. 24இல்தான் ஜி வருகிறது; வந்தபின் எட்டுக் கட்டங்களுக்கு அங்கிருந்து அசைவதில்லை. கடைசி நான்கு கட்டங்களில்தான் அடியில் சி நிலைக்கிறது. இந்தப் பிரிலூடை 'அமைதியானது' என்று சொல்பவர்கள் அந்த 23ஆம் கட்டத்தைக் காதால் கேட்டார்களா என்று எனக்குச் சந்தேகம் உண்டு. இரு கைகளாலும் வாசிக்கும்போது அங்கே மட்டும் மிகச் சிறிது தயங்குங்கள். குறி எதுவும் வேண்டியிருக்காது, கை தானே கனக்கும்.

உங்கள் பதிப்பில் கட்டங்களை எண்ணவும் வேண்டுகிறேன். 35 இருக்க வேண்டும். 36 இருந்தால், ஷ்வென்கே என்பவரின் பிரதி வழியாக நுழைந்த கட்டம் அதில் இருக்கிறது. எஃப் ஷார்ப்புக்கும் ஏ ஃப்ளாட்டுக்கும் நடுவே ஜி-யை நிரப்பி அந்தத் தாவலைச் சமன்செய்துவிடும் கட்டம் அது. இந்தப் பிரிலூடின் மேல் ஒரு மெட்டை வைத்துக் கூனோ எழுதிய 'ஆவே மரியா'விலும் அதுவே இருக்கிறது. தயவுசெய்து அந்தக் கட்டத்தைக் கோடிட்டு நீக்கிவிடுங்கள். பாஹ் விட்டுவைத்த பள்ளத்தை மண்போட்டு மூடியதுபோல் இருக்கிறது.

கூல்ட் நறுக்கு நறுக்காக வாசிக்கிறார், ரிக்டர் பெடலின் மென்மையில் மிதக்கவிடுகிறார். இருவரும் இந்த அடி ஸ்வரங்களின் நடையைத் துல்லியமாகக் கேட்கிறார்கள். அதனால் எனக்கு இருவரும் வேண்டும்.

ஃபியூக் வேறு வகை உழைப்பு. 27 கட்டங்களுக்குள் கருப்பொருள் 24 முறை நுழைகிறது. ஒரு குரல் முடிக்குமுன் இன்னொன்று தொடங்கிவிடுகிறது. கருப்பொருள் வரும்போதெல்லாம் அதை ஓங்கி அடித்துக் காட்டும் பழக்கம் கற்பவர்களிடம் நிறைய உண்டு. இங்கே அப்படிச் செய்தால் 24 முறை கத்தியதாகிவிடும். தொடக்கம் மட்டும் தெளிவாகக் கேட்டால் போதும், பிறகு அது மற்றக் குரல்களோடு கலக்கட்டும். பெடலைத் தொடாமல், ஒரு வாரம் மூன்று குரல்களைக் கையால் வாசித்து நான்காவதை வாயால் பாடுங்கள். உள்ளே இருக்கும் இரண்டு குரல்களைப் பாடுவதுதான் கடினம், அவற்றில் தொடங்குங்கள்.