திருவொற்றியூரிலிருந்து தினமும் ஓட்ட: மஸ்டாங்கா, லம்போர்கினியா?

கேள்வி: எனக்கு வயது 43. திருவொற்றியூரில் வீடு, ராஜாஜி சாலையில் அலுவலகம். 12 கன்டெய்னர் லாரிகள் வைத்துத் தொழில் செய்கிறேன். வரி போக மாதம் 6 லட்சம் ரூபாய் நிற்கிறது. சிறுவயதிலிருந்தே ஸ்போர்ட்ஸ் கார் ஆசை. இப்போது இரண்டு பழைய கார்கள் விலைக்கு வந்திருக்கின்றன. ஃபோர்டு மஸ்டாங் ஜிடி 48 லட்சம். லம்போர்கினி ஹுராக்கன் 2.5 கோடி. லம்போர்கினி என்றால் கையிலிருக்கும் 1 கோடியைப் போட்டு, மீதியைக் கடனாக வாங்க வேண்டும். தினமும் அலுவலகத்துக்கு அதில்தான் போவேன். எதை வாங்கலாம்?

பதில்: மஸ்டாங்கை வாங்குங்கள், கடன் இல்லாமல். ஊருக்கெல்லாம் லாரி ஓட்டுகிறவர் தனக்கென்று ஆசையாக ஒரு கார் வாங்குவதில் தவறே இல்லை. என் கவலையெல்லாம் அந்தக் கடன்மீதுதான்.

1.5 கோடியை 10 சதவீத வட்டியில் 5 ஆண்டுகளுக்கு வாங்கினால் மாதத் தவணை சுமார் 3.19 லட்சம். உங்கள் வருமானத்தில் பாதிக்கு மேல். வட்டி மட்டும் 41 லட்சம். கிட்டத்தட்ட ஒரு மஸ்டாங். லாரி வாடகை கைக்கு வர இரண்டு, மூன்று மாதம் ஆகலாம். டீசலுக்கும் டிரைவர் பேட்டாவுக்கும் அன்றன்றே எண்ணி வைக்க வேண்டும். துறைமுகத்தில் சரக்கு குறைந்த மாதத்தில் கார்த் தவணைக்காக லாரித் தவணை தவறினால், சோறு போடும் வண்டிக்கே ஆபத்து.

சாலையையும் பாருங்கள். ஹுராக்கனின் உயரம் 117 சென்டிமீட்டருக்கும் குறைவு. எண்ணூர் விரைவுச்சாலையில் வரிசைகட்டி நிற்கும் டிரெய்லர்களுக்கு இடையே நுழைந்தால், மேலே உட்கார்ந்திருக்கும் ஓட்டுநரின் கண்ணில் அது படாமலே போகலாம். இதை உங்களுக்கு நான் சொல்லவேண்டியதில்லை. பழுது என்றால், நமக்கு அருகில் லம்போர்கினியின் அதிகாரபூர்வ விற்பனையகம் பெங்களூரில்தான். ஒவ்வொரு முறையும் 350 கிலோமீட்டர் ஏற்றி அனுப்ப வேண்டும். ஃபோர்டு 2021-இல் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. எனவே மஸ்டாங்குக்கும் உதிரிபாகம் எவ்வளவு நாளில் கிடைக்கும் என்று முதலிலேயே விசாரியுங்கள்.

என்னை மிகவும் உறுத்துவது மழைதான். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது வடசென்னை எப்படி மிதந்தது என்பதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அப்போது என் வாடிக்கையாளர் ஒருவர், தெருவில் தேங்கிய தண்ணீரில் நின்றுபோன காரை மறுபடி ஸ்டார்ட் செய்தார். காற்று போகும் குழாய் வழியே தண்ணீர் உள்ளே போய், எஞ்சினின் கனெக்டிங் ராடு வளைந்துவிட்டது. முழுக் காப்பீடு இருந்தும் பணம் வரவில்லை; 'எஞ்சின் பாதுகாப்பு' என்ற கூடுதல் பிரிவை அவர் எடுத்திருக்கவில்லை. பழைய கார்களுக்கு இந்தப் பிரிவைத் தர நிறுவனங்கள் பெரும்பாலும் தயங்கும். கிடைக்குமா, பிரீமியம் எவ்வளவு என்பதை எழுத்தில் வாங்கிய பிறகு முன்பணம் கொடுங்கள். மஸ்டாங்குக்கும் இதே பேச்சுதான்.

பதிவெண்ணையும் கவனியுங்கள். புதுச்சேரியிலோ வேறு மாநிலத்திலோ பதிவான கார் என்றால் தடையில்லாச் சான்று வாங்கி, தமிழ்நாட்டு ஆயுட்கால வரியைத் தனியாகக் கட்ட வேண்டும். 20 லட்சத்துக்கு மேற்பட்ட புதிய காருக்கு இங்கே அது 20 சதவீதம். பழைய காருக்கு வயதைப் பொறுத்துக் குறையும். அந்தத் தொகையைக் கழித்துக்கொண்டுதான் விலை பேச வேண்டும்.

மஸ்டாங் போக மீதி 52 லட்சம். அதில் 10 லட்சத்தைக் காரின் டயருக்கும் பழுதுக்கும் தனிக் கணக்கில் போடுங்கள். மற்றதை லாரிகளின் ஆறு மாதத் தவணைக்கான கையிருப்பாக வங்கி வைப்பில் வையுங்கள். கார் கைக்கு வருவதற்கு முன், ஒரு திங்கட்கிழமை காலை வீட்டிலிருந்து ராஜாஜி சாலை வரை நீங்களே ஓட்டிப் பாருங்கள். உங்கள் வீட்டு வாசல் சரிவில் அதன் அடிப்பாகம் உரசுகிறதா என்பதும் அன்றைக்கே தெரிந்துவிடும்.