ஈஸ்டர் தீவுச் சிலைகளை எப்படி நகர்த்தினார்கள்?

கேள்வி: பசிபிக் கடலில் இருக்கும் ஈஸ்டர் தீவு மக்களிடம் சக்கரமும் இல்லை, மாடு குதிரையும் இல்லை. பிறகு அந்தப் பிரம்மாண்டமான கல் தலைகளை எப்படி இடம் மாற்றினார்கள்?

நடக்க வைத்துத்தான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

முதலில் ஒரு திருத்தம். அவை வெறும் தலைகள் இல்லை. படங்களில் கழுத்துவரை மட்டும் தெரிகிறவை ரானோ ராராக்கு என்ற எரிமலைச் சரிவில், கல் வெட்டிய இடத்திலேயே நிற்பவை. மேலிருந்து சரிந்த மண் அவற்றை மூடிவிட்டது. தோண்டிப் பார்த்தால் உடம்பு, கை, வயிற்றின் மேல் நீண்டு கிடக்கும் விரல்கள் எல்லாம் இருக்கின்றன. தீவுக்காரர்கள் இவற்றை மோவாய் என்கிறார்கள். நம் மோவாய்க்கும் இதற்கும் உறவு ஒன்றும் கிடையாது. ஆனால் அந்தத் தாடைகளைப் பார்த்தபிறகு எனக்கு அதை மறக்கவே முடியவில்லை!

தீவில் சுமார் 1000 சிலைகள். அவற்றில் 400 அளவில் அந்தக் குவாரியை விட்டுக் கிளம்பவே இல்லை. 21 மீட்டர் நீளமுள்ள ஒன்று இன்னும் பாறையோடு ஒட்டிப் படுத்திருக்கிறது. கிளம்பியவற்றில் சில, பத்துக் கிலோமீட்டருக்கும் மேல் போய்க் கடலோர மேடைகளில் ஏறின. அங்கே அநேகமாக எல்லாமே கடலுக்கு முதுகைக் காட்டி ஊரைப் பார்த்து நிற்கும், முன்னோர்களின் உருவங்கள் அல்லவா.

சரி, எப்படிப் போயின? தீவின் வாய்மொழிக் கதை, 'மனா' என்னும் சக்தியால் அவை தாமே நடந்து போயின என்கிறது. வெளியிலிருந்து வந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்துவிட்டு, மரக்கட்டை மேல் உருட்டினார்கள், சறுக்குச் சட்டத்தில் இழுத்தார்கள் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். வேற்றுக்கிரகவாசிகளைக் கூட்டி வந்தவர்களும் உண்டு.

இரும்பு பீரோவை இரண்டே பேர் நகர்த்தியிருக்கிறீர்களா? வீடு மாற்றியபோது அப்பாவும் நானும் செய்தோம். லேசாகச் சாய்த்து, ஒரு மூலையை ஊன்றி மறு மூலையை முன்னால் திருப்ப வேண்டும், அப்புறம் இந்த மூலை. தூக்கவே வேண்டாம். 1986இல் பாவெல் பாவெல் என்ற செக் பொறியாளர், நார்வே ஆய்வாளர் தோர் ஹெயர்டாலுடன் தீவுக்குப் போய் ஓர் உண்மையான சிலையையே இப்படி அசைத்து நகர்த்திக் காட்டினார். தொல்லியலாளர்கள் டெர்ரி ஹன்ட், கார்ல் லிப்போ இருவரும் ஹவாயில் 4 டன்னுக்கு மேல் எடையுள்ள மாதிரிச் சிலையை 18 பேரோடு நடக்க வைத்தார்கள், 2012இல் அதை வெளியிட்டார்கள். பக்கத்துக்கு ஒரு கயிறு, பின்னால் விழாமல் பிடிக்க ஒன்று. அவ்வளவுதான்.

என்னை நம்ப வைத்தது சோதனையைவிட, பாதையோரம் கைவிடப்பட்ட சிலைகள்தான். அவற்றின் அடிப்பாகம் அகலமாகவும் முன்விளிம்பு வளைந்தும் இருக்கிறது. நிறுத்தினால் முன்னால் சாயும். நிற்பதற்கு இது கோளாறு, நடப்பதற்கு இதுதான் வசதி. மேடைக்குப் போய்ச் சேர்ந்தவற்றில் அந்த அடிப்பாகத்தைச் செதுக்கிச் சமன் செய்திருக்கிறார்கள். கண்குழியும் அங்கே போன பிறகுதான் வெட்டப்பட்டது. வெண்பவளத்தில் கண் பதிப்பார்கள்.

எல்லா ஆய்வாளர்களும் இதை ஏற்கவில்லை. படுக்க வைத்து இழுத்ததாகச் சொல்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். மேடை ஏறியவற்றிலேயே பெரியது பாரோ என்ற சிலை, கிட்டத்தட்ட 10 மீட்டர், 80 டன்னுக்கு மேல். அதையும் ஆட்டி ஆட்டியே கொண்டுபோயிருப்பார்களா என்று கேட்டால் நானும் கொஞ்சம் தயங்குவேன்.

தீவுக்காரர்களையே கேட்டிருக்கலாமே என்று தோன்றும். 1862இல் தொடங்கிப் பெருவின் அடிமை வியாபாரிகள் சுமார் 1500 பேரைப் பிடித்துப் போனார்கள். திரும்பிய சிலரோடு அம்மையும் வந்தது. 1877இல் தீவில் மிஞ்சியவர்கள் 111 பேர். விவரம் தெரிந்த பெரியவர்கள் போய்விட்டார்கள். சிலை செய்யக் காட்டை அழித்துத் தாங்களே பட்டினியில் மாண்டார்கள் என்று பலரும் சொல்லும் கதையை இதைத் தெரிந்துகொண்டு படித்தால் எரிச்சல்தான் வரும். அந்தக் காலத் தீவுக்காரர்களின் எச்சங்களிலிருந்து டிஎன்ஏ எடுத்துச் செய்து 2024இல் வெளியான ஆய்வும், 1600களில் மக்கள்தொகை அப்படிச் சரிந்ததற்கு அடையாளம் இல்லை என்கிறது.

சில சிலைகளின் தலையில் சிவப்புக் கல்லில் ஒரு கொண்டை இருக்கும். அது புனா பாவ் என்ற வேறொரு குவாரியிலிருந்து வந்தது. அதை மேலே ஏற்றிய விதத்தைத் தனிக் கேள்வியாகக் கேளுங்கள், அங்கேயும் கயிறுதான் வரும்.