கியர் எழுத்துகள் மின்னினால் கியர்பாக்ஸையே மாற்ற வேண்டுமா?

கேள்வி: 2014ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார் வைத்திருக்கிறேன், 90,000 கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. நெரிசலில் ஊர்ந்து செல்லும்போது டேஷ்போர்டில் கியர் எழுத்துகள் மின்னி, வண்டி நியூட்ரலுக்குப் போய்விடுகிறது. அணைத்துவிட்டுச் சற்று நேரம் கழித்து இயக்கினால் ஓடுகிறது. கியர்பாக்ஸை மொத்தமாக மாற்ற வேண்டும் என்கிறார்கள். வந்த விலைக்கு விற்றுவிடலாமா? – வாசகர், கோவை

பதில்: எந்தப் பாகம் பழுது என்பதை எழுத்தில் பெறாமல் விற்கவும் வேண்டாம், மாற்றவும் வேண்டாம். உங்கள் வண்டியின் டிஎஸ்ஜி என்னும் ஏழு கியர் தானியங்கி கியர் பெட்டியில் பற்சக்கரங்கள், எண்ணெயில் நனையாத இரண்டு உலர் கிளட்சுகள், அவற்றை எண்ணெய் அழுத்தத்தால் இயக்கும் மெக்கட்ரானிக்ஸ் என மூன்று பகுதிகள் உள்ளன. நீங்கள் சொல்லும் அறிகுறிக்குப் பெரும்பாலும் பின்னிரண்டில் ஒன்றே காரணம். பற்சக்கரங்கள் அரிதாகவே கெடுகின்றன.

டிஎஸ்ஜி ஸ்கேனர் உள்ள ஒர்க்‌ஷாப்பில் பிழைக் குறியீட்டைப் படித்து, அச்சிட்டுக் கேளுங்கள். பி17பிஎஃப் என்று வந்தால் மெக்கட்ரானிக்ஸில் எண்ணெய் அழுத்தம் நிலைக்கவில்லை என்று பொருள். அந்த அழுத்தத்தைச் சேமிக்கும் கலன் பொருந்தும் அலுமினிய உறை விரிசல் விடுவது இந்தப் பெட்டிக்குப் பழகிய நோய். அந்த உறையை மட்டும் மாற்றலாம். ஆனால் பல சர்வீஸ் சென்டர்களில் முழு மெக்கட்ரானிக்ஸ்தான் ஒரே பாகம். அதைத் திறந்து பார்ப்பது அவர்கள் வழக்கத்திலேயே இல்லை. பழுது நீக்கும் உரிமைக்காக மத்திய அரசு 2022 டிசம்பரில் இணையதளம் தொடங்கியது, அதில் வாகனத் துறையும் உண்டு. ஆயினும் கவுன்டரில் நிற்பவருக்குக் கிடைப்பது இன்றும் முழு யூனிட்டின் விலைப் பட்டியல்தான். சீனாவில் 2013இல் இதே குடும்பத்துப் பெட்டிகளுக்காக 3.8 லட்சத்துக்கும் அதிகமான கார்கள் திரும்ப அழைக்கப்பட்டன என்பதை நினைத்தால், இந்தப் பழுதுக்கான பழியைச் சிலர் ஓட்டுநரின் பழக்கத்தின் மீது போடுவது வேடிக்கையாக இருக்கிறது.

இரண்டு வலைகளில் விழாதீர்கள். ஒன்று, 60,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை ‘டிஎஸ்ஜி ஆயில், ஃபில்டர்’ என்று வசூலிப்பது. அந்தக் கணக்கு எண்ணெயில் மூழ்கிய கிளட்ச் கொண்ட ஆறு கியர் பெட்டிக்கு உரியது, உங்களுடையதற்கு அல்ல. மற்றொன்று, ‘இறக்குமதிப் பழைய யூனிட்’ விற்கும் உதிரிபாக புரோக்கர். அது எந்த ஆண்டு வண்டியிலிருந்து வந்தது, ஏன் கழற்றப்பட்டது என்று அவருக்கே தெரியாது; மாட்டிய பிறகு உங்கள் காருக்கான மென்பொருளை ஏற்றி, ஸ்கேனர் மூலம் அடிப்படை அமைவை (பேசிக் செட்டிங்) செய்யாவிட்டால் வண்டி நகராது. காரை அடிமாட்டு விலைக்குக் கேட்பவரும் உறை மாற்றுச் செலவை அறிந்தேதான் ‘கியர்பாக்ஸ் போச்சு’ என்று பயமுறுத்துகிறார்.

ஒரு விலக்கு உண்டு. வண்டி ஓடும்போது பெட்டிக்குள்ளிருந்து ஊளைச் சத்தம் எழுந்து, வேகத்துக்கேற்ப ஏறி இறங்கினால் பேரிங் தேய்ந்திருக்கலாம். அப்போது பெட்டியைத் திறக்க வேண்டியிருக்கும். சத்தம் மட்டும் இருந்து எழுத்துகள் மின்னாவிட்டாலும் இதே முடிவுதான். எழுத்துகள் மின்னி, சத்தம் இல்லாவிட்டால் பெட்டியைத் திறந்து பற்சக்கரங்களைப் பிரிக்க அனுமதிக்காதீர்கள். சத்தம் டயரிலிருந்தும் சக்கர பேரிங்கிலிருந்தும்கூட வரும். ஆகவே லிஃப்டில் ஏற்றிக் கேட்ட பிறகே இந்த விலக்கு பொருந்தும். குறியீடு கிளட்சைச் சுட்டினால், முதலில் கிளட்ச் அடாப்டேஷனை, அதாவது கிளட்ச் பிடிக்கும் இடத்தை மென்பொருளுக்குக் கற்றுத் தருவதை, மீண்டும் செய்யச் சொல்லுங்கள். அதற்கும் அடங்காவிட்டால் கிளட்ச் தொகுப்பை மட்டும் மாற்றுங்கள். எதை மாற்றினாலும் கழற்றிய பழைய பாகத்தைக் கையோடு வாங்கி வாருங்கள்.

சரியாகும் வரை ஊட்டி, வால்பாறை மலைப்பாதைக்கு இந்த வண்டியில் போகாதீர்கள். ஏற்றத்தில் இரு கிளட்சுகளும் விடுபட்டால், வண்டி பின்னால் உருளாமல் நிறுத்தப் பிரேக் மட்டுமே மிஞ்சும்.