வேப்பிலையில் ஓர் இலை எது? மொட்டைத் தேடச் சொல்லுங்கள்

கேள்வி: கோபிச்செட்டிபாளையம் பக்கம் இருக்கிறோம். மகளுக்கு 5 வயது. மரம், இலையெல்லாம் கையால் தொட்டுப் பழக வேண்டும் என்று ஆசை. க்ரேயான் தேய்த்தால் இலை அச்சு சரியாக விழுவதில்லை. நோட்டுக்குள் வைத்த இலைகள் கருத்துப் பூஞ்சை பிடிக்கின்றன. எங்கே தவறு?

பதில்: அச்சு விழாததற்குப் பெரும்பாலும் இலையை வைக்கும் பக்கம்தான் காரணம். நரம்பு புடைத்திருப்பது அடிப்பக்கத்தில். அந்தப் பக்கம் மேலே பார்க்கும்படி வைத்து, மெல்லிய வெள்ளைத்தாளை மூடி, தாளின் நான்கு மூலையிலும் டேப் ஒட்டுங்கள். குழந்தையின் கை அழுத்தத்தில் தாள் நகர்ந்தால் கோடு இரட்டையாகிவிடும். க்ரேயானின் காகித உறையை உரித்து, படுக்கை வாட்டில் வைத்து ஒரே திசையில் தேய்க்க வேண்டும். நுனியால் கிறுக்கினால் தாள்தான் கிழியும். பூவரசு, அரசு இரண்டும் நன்றாக விழும். கொழுந்து வேண்டாம், நசுங்கிவிடும். பூவரசில் மிச்சமான இலையைச் சுருட்டி ஒரு முனையை நசுக்கிப் பீப்பி ஊதக் கொடுங்கள். அந்த இலையின் உருவம் அவளுக்கு மறக்காது.

இலை கருப்பது ஈரத்தால். நோட்டுத் தாளும் வழவழப்பான பத்திரிகைத் தாளும் ஈரத்தைச் சரியாக உறிஞ்சாது. செய்தித்தாள் நான்கைந்து மடிப்புக்கு நடுவில் வைத்து, மேலே 4, 5 கிலோ பாரம் ஏற்றுங்கள். முதல் மூன்று நாளும் தினம் தாள் மாற்ற வேண்டும். ஒரு வாரம், பத்து நாளில் காய்ந்துவிடும். பனியோ மழையோ ஈரமான இலையைப் பறிக்காதீர்கள். ஐப்பசி மழையில் இந்த வேலையே வேண்டாம். புளிய இலையைப் பறித்த கையோடு வைக்காவிட்டால் சிற்றிலைகள் உதிர்ந்து காம்புதான் மிஞ்சும்.

இனி முக்கியமான பாடம். வேப்பங்கொத்தைக் காட்டி "எத்தனை இலை?" என்று கேட்டால் குழந்தை ஒவ்வொரு துண்டையும் எண்ணும். திருத்தாதீர்கள். புங்க மரத்தின் சிறு கிளை ஒன்றை எடுத்து, காம்பு கிளையோடு சேரும் இடத்தை விரலால் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கக்கத்தில் சின்ன மொட்டு தட்டுப்படும். காம்பில் வரிசையாக இருக்கும் துண்டுகளான சிற்றிலைகளின் அடியில் மொட்டு இருக்காது. மொட்டு இருக்கும் இடத்திலிருந்து கிளம்புவதுதான் ஓர் இலை. ஆகப் புங்கனில் தனித்தனி இலையாகத் தெரியும் ஐந்தோ ஏழோ சிற்றிலைகள் சேர்ந்து ஒரே இலை. அடுத்து வேம்பில் அவளே தேடட்டும். நுனியில் இலைகள் நெருங்கியிருக்கும், மொட்டு தெரியாது. சற்றுக் கீழே பார்க்க வேண்டும். பெரியவர்கள்கூட இதைத் தெரியாமலே இருந்துவிடுகிறோம் என்பதால்தான் இத்தனை அழுத்திச் சொல்கிறேன்.

புளிய மரத்தைக் காலையில் ஒருமுறையும் இருட்டிய பிறகு ஒருமுறையும் காட்டுங்கள். இரவில் சிற்றிலைகள் ஜோடி ஜோடியாக மூடிக்கொள்ளும்.

அரளி, எருக்கு, கள்ளி மூன்றும் கூடவே கூடாது. அரளியில் இலை, பூ, விதை எல்லாமே இதயத்தைத் தாக்கும் விஷம். எருக்கம்பாலும் கள்ளிப்பாலும் கண்ணில் பட்டால் பார்வையையே பாதிக்கும். பறிக்கப் போகுமுன் இந்தச் செடிகளைக் கைகாட்டி, தொடாமல் அடையாளம் சொல்லிக்கொடுங்கள். இலையைத் தொட்ட கையை வாயில் வைக்குமுன் சோப்புப் போட்டுக் கழுவட்டும்.

ஊஞ்ச மரம் பக்கத்தில் இருந்தால் நல்லது, தலைக்குத் தேய்க்கும் நம் அரப்பு அதன் இலைதான். ஒரு பிடி இலையைக் கசக்கிக் கால் டம்ளர் தண்ணீரில் கலக்கச் சொல்லுங்கள், நுரைக்கும். கண்ணில் மட்டும் படாமல் பார்த்துக்கொள்ளுங்கள், எரியும்.